கோணல் எழுத்தும் ஒரு பேர்தான்

(தோட்டத்து மகளிர் சுயதொழில் குழுக்களுக்கான பயிற்சி நாளில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அன்று வர முடியாமல் போன சகோதரிகளும் அறிந்துகொள்வதற்காக இங்கே தருகிறோம்.)

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரிகளே, வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரர்களே,

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உங்களுக்குக் கிடைக்கிற ஓய்வு. அன்றைக்கும் துணி துவைக்கணும், விறகு கொண்டு வரணும், பிள்ளைகளுக்குத் தலை பார்க்கணும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

தோட்டத்திலே "பேர்" என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பேர் விழுந்தால் அன்றையச் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேரே விழவில்லை என்றால் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றது கணக்கிலேயே வராது. சந்தைக்குப் போகிற சாமானுக்கும் இதே நியாயம்தான். உங்கள் கொச்சிக்காய்த் தூள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாங்கினவர் அடுத்த தரம் கடைக்குப் போய் எதைச் சொல்லிக் கேட்பார்? கேட்பதற்கு ஒரு பேரும், பார்த்தவுடன் அடையாளம் காண ஒரு முகமும் அந்தப் பக்கெட்டுக்கு வேண்டும். வியாபாரிகள் "பிராண்ட்" என்று சொல்வது இதைத்தான். அது பெரிய கம்பெனிக்காரருக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல.

ஆனால் பக்கெட்டுக்கு ஒரு லேபல் செய்யுங்கள் என்று நாங்கள் சொன்னால், எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே பதில்தான் வருகிறது. "கொம்பியூட்டரில் அடிச்சுத் தாங்க, மிஸ். எங்க எழுத்து கோணலா இருக்குமே." இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான்.

எங்கள் அலுமாரியில் கிடக்கும் ஸ்டிக்கர்

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு குழு கறித்தூள் இடித்து விற்க ஆரம்பித்தது. அவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, டவுனிலே அச்சகத்தில் ஆயிரம் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தோம். பளபளப்பான தாள். சிவப்புக் கொச்சிக்காய் படம். ஆங்கிலத்தில் தங்க நிற எழுத்து. பார்த்ததும் எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்துக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். அதே தட்டில் இன்னும் இரண்டு கறித்தூள் பக்கெட் இருந்தது. இரண்டிலும் அதே கொச்சிக்காய் படம்! அச்சகத்துக் கொம்பியூட்டரில் இருந்த படத்தைத்தான் மூன்று பேருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எது யாருடையது என்று கடை முதலாளிக்கே தெரியவில்லை. எது மலிவோ அதை எடுத்துக் கொடுத்தார். மலிவு விலைக்கு நம்மால் பெரிய கம்பெனியோடு போட்டி போட முடியுமா? முடியாது.

பிறகு ஒரு தரம், ஸ்டிக்கர் வந்து சேர்வதற்குள் ஓடர் வந்துவிட்டது. குழுவிலுள்ள ஒரு அம்மா தன் மகளின் சித்திரக் கொப்பிக்கு வாங்கின தூரிகையால், பழுப்புத் தாளில் தானே பேரை எழுதி ஒட்டி அனுப்பிவிட்டார். எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "றி" கொஞ்சம் பெரிசு, "தூ" கொஞ்சம் சின்னது. அனுப்பிவிட்டு, ஏச்சு விழுமோ என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அடுத்த வாரம் கடை முதலாளி ஆள் அனுப்பினார்: "அந்தக் கையால எழுதின பக்கெட் இன்னும் இருக்கா? ஆக்கள் கேக்கிறாங்க."

அன்றைக்கே அந்தக் குழு பணக்காரக் குழுவாகி விட்டது என்று கதை விட நாங்கள் வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்: கேட்டு வாங்க ஒரு அடையாளம் கிடைத்தது. மிச்ச ஸ்டிக்கர்கள் இன்னமும் எங்கள் காரியாலய அலுமாரியில் கிடக்கின்றன. பார்க்கும் போதெல்லாம் எங்களுக்குப் பாடம்.

வாசல் கோலம் சொல்வது

கையால் செய்ததில் அப்படி என்ன இருக்கிறது? உங்கள் லயத்து வாசலைப் பாருங்கள். பொங்கல் அன்று பத்து வீட்டு வாசலிலும் பத்துக் கோலம். புள்ளி ஒன்றுதான், கணக்கு ஒன்றுதான். ஆனாலும் நடந்து போகிறவர் பார்த்த உடனே, "இது மூணாங் காம்பரா அக்கா போட்டது" என்று சொல்லிவிடுவார். ஒருத்தி கோட்டை அழுத்திப் போடுவாள். ஒருத்திக்கு வளைவு எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்புத்தான் அவளுடைய அடையாளம். இப்போது கடையிலே ஒட்டுகிற கோலமும் விற்கிறார்கள். அதிலே ஒரு கோடு பிசகாது. ஆனால் அதைப் பார்த்து இது யார் வீடு என்று எவராலும் சொல்ல முடியாது.

மெசின் செய்த சாமான் அரிதாக இருந்த காலத்தில், எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் பெருமை. இன்றைக்குக் கடை முழுக்க ஒரே மாதிரிச் சாமான். அதனாலே, இதிலே ஒரு மனுசருடைய கை பட்டிருக்கிறது என்று காட்டுகிற பொருளிடம் மனம் போகிறது. பெரிய கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் கையால் எழுதின மாதிரித் தெரிகிற எழுத்துகளைக் கொம்பியூட்டரிலேயே செய்து பக்கெட்டில் போடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லித் தருகிறோம். ஒரே எழுத்து இரண்டு தரம் வருகிற இடத்தைப் பாருங்கள். இரண்டு "ம"வும் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தால் அநேகமாக அது மெசின். மனுசக் கை இரண்டு "ம"வை ஒன்று போல எழுதாது. அவர்கள் காசு கொடுத்துப் போலியாக வாங்குகிறதை நீங்கள் சும்மாவே கையில் வைத்துக்கொண்டு வெட்கப்படுகிறீர்கள்.

கையெழுத்தால் வாழ்ந்த பெயர்கள்

கொக்கோ கோலா போத்தலைப் பார்க்காதவர் இங்கே யாருமில்லை. அந்தப் பானம் 1886 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் தொடங்கியது. அதற்குப் பேர் வைத்து, அந்தப் பேரை வளைத்து வளைத்து எழுதியவர் பிராங்க் ரொபின்சன் என்ற கணக்கெழுதுபவர். அந்தக் காலத்தில் காரியாலயங்களில் பழக்குகிற கையெழுத்து அது. நூற்று முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த எழுத்தின் சாயலை அவர்கள் விடவில்லை.

இன்னொன்று கெலொக்ஸ். 1906 இல் வில் கீத் கெலொக் என்பவர் சோளச் சீவல் கம்பெனி ஆரம்பித்தார். அதே ஊரில் அதே மாதிரிச் சாமான் செய்கிறவர்கள் நிறையப் பேர். எது அசல் என்று சனங்களுக்குத் தெரிய வேண்டுமே. அவர் தன் சொந்தக் கையொப்பத்தைப் பெட்டியில் அச்சடித்தார். இந்த ஒப்பம் இல்லாவிட்டால் அது அசல் அல்ல என்று எழுதியும் போட்டார். இன்றைக்கும் அந்தப் பெட்டியில் இருக்கிற சிவப்பு எழுத்து அந்த ஒப்பத்திலிருந்து வந்ததுதான்.

நம் மலைநாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து தோட்டங்கள் வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னையும் அதில் ஒன்று. அதற்கு முன்னே இங்கிலாந்துக் கடைகளில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துத்தான் அதிகமாக விற்றார்கள். லிப்டன் அதைச் சின்னச் சின்னப் பக்கெட்டாகக் கட்டி, தன் பேரைப் போட்டு விற்றார். அந்தக் கால விளம்பரங்களிலே கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்ணின் படமும் இருக்கும். நம் பாட்டிமார் மாதிரியான முகம். ஆனால் பேர்? அது லிப்டனுடையது. முகம் நம்முடையதாக இருந்தும் பேர் நம்முடையதாக இல்லாத கதை நமக்குப் புதிதல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கீஸ் பெண்ட் பெண்களின் போர்வை

இனி, நம்மைப் போன்ற பெண்களின் கதை ஒன்று சொல்கிறோம். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு போகிறது. 1816 இல் கீ என்ற துரை அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். வேலை செய்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும். பிறகு தோட்டம் பெட்வே என்ற வேறொரு துரையின் கைக்குப் போனது. இன்றைக்கும் அந்த ஊரிலே பலருக்குப் பெட்வே என்றே குடும்பப் பேர். துரையின் பேரையே தங்கள் பேராகச் சுமக்க நேர்ந்தவர்கள் அவர்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அதே மண்ணில் குத்தகைக்கு உழைத்து, கடனிலேயே காலம் தள்ளினார்கள்.

பலகை வீடு. இடுக்கு வழியே குளிர் காற்று. நுவரெலியாவில் தை மாதக் குளிர் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்தப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்பு, மாவுச் சாக்கு, பழைய சட்டை எல்லாவற்றையும் வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வை செய்தார்கள். நம் அம்மாமார் பழைய சேலைகளை ஒன்றாக வைத்துத் தைப்பார்களே, அந்த மாதிரி. அளவுகோல் வைத்து வெட்டவில்லை. கண் பார்த்த இடத்தில் கை வெட்டியது. காற்சட்டையின் முழங்கால் வெளிறின இடம், பொக்கட்டைப் பிரித்தெடுத்த இடத்தில் தெரிகிற கறுப்பு அடையாளம், எல்லாம் அப்படியே போர்வையில் இருக்கும். 1942 இல் ஒரு தாய், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளையே வெட்டிப் போர்வையாகத் தைத்துப் போர்த்திக்கொண்டார். அந்தப் போர்வையும் இன்றைக்கு உலகம் அறிந்த ஒன்று.

1966 இல், கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடிய காலத்தில், அந்தப் பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பெரிய கடைகளிலிருந்து ஓடர் வந்தது. ஆனால் கடைக்காரர் கேட்டது என்ன? எல்லாப் போர்வையும் ஒரே அளவு, ஒரே தினுசு. தையல் நேராக இருக்கணும். 1972 இல் ஒரு பெரிய கம்பெனிக்குக் கோடு போட்ட தடித்த துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஒரே உறை, ஒரே தையல். கூலி கிடைத்தது, அதையும் நாம் குறைத்துப் பேசக் கூடாது. அடுப்பு எரிந்தது அந்தக் கூலியால்தான்.

ஆனால் பாருங்கள், உறை வெட்டி மிஞ்சின துண்டுகளை அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரவிலே தங்கள் மனதுக்குப் பிடித்தபடி, கோணலும் மாணலுமாகத் தங்கள் வீட்டுக்குப் போர்வை தைத்தார்கள். கம்பெனிக்குத் தைத்த உறைகளைத் தைத்தது யார் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அந்தத் துண்டுகளில் பிறந்த போர்வைகளோ நூதனசாலைக்குப் போயின. 2002 இல் ஹூஸ்டன் நகரத்து நூதனசாலையிலும், பிறகு நியூயோர்க்கிலும் கீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் மாட்டி வைத்தார்கள். பெரிய ஓவியர்களின் படத்துக்குச் சமமாகப் பத்திரிகைகள் எழுதின. 2006 இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் பத்துப் போர்வைகளின் படத்தை முத்திரையாகவே வெளியிட்டது. ஒவ்வொரு போர்வைக்கும் அதைத் தைத்த பெண்ணின் பேர் உண்டு. ஒரே மாதிரி தைத்தது கூலி கொடுத்தது. தன் மாதிரி தைத்தது பேர் கொடுத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2007 இல் சில பெண்கள், தங்கள் போர்வையின் டிசைனை வைத்து மற்றவர்கள் உழைத்த காசில் தங்களுக்கு நியாயமான பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் அது சமாதானமாகத் தீர்ந்தது. 2024 இல் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற ஒரு கம்பெனி, அந்த ஊர்ப் பெண்கள் ஐந்து பேரின் மாதிரியை எடுத்து, துணியும் பாத்திரமும் இன்னும் பலதும் தொழிற்சாலையில் செய்து விற்றது. அவர்களுக்குக் கிடைத்தது முதலிலேயே பேசிக் கொடுத்த ஒரு தொகை. விற்றதற்கு ஏற்றபடி பங்கு இல்லை. கோணலின் அழகை மெசின் படி எடுத்தது, லாபம் மெசின்காரனுக்குப் போனது. இன்னொரு பக்கம், 2021 முதல் அந்த ஊர்ப் பெண்கள் பலர் இணையக் கடை போட்டு, தங்கள் பேரிலேயே, தாங்கள் வைத்த விலைக்குப் போர்வை விற்கிறார்கள். இந்த இரண்டு வழிக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் நீங்கள் இன்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. கொழும்பில் பார்பரா சன்சோனி என்ற ஓவியர் 1964 இல் "பெயார்ஃபுட்" என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் நெய்த துணிதான் அதற்கு அத்திவாரம். கைத்தறி என்பதை மறைக்கவில்லை, அதையே முன்னுக்கு வைத்தார்கள். அம்மையார் 2022 இல் காலமானார். அந்தத் துணியின் நிறத்தைப் பார்த்தே இது அவர்களுடையது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எது கோணலாகலாம், எது ஆகக் கூடாது

இங்கே ஒரு எச்சரிக்கை. கோணல் அழகு என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, எதையும் எப்படியும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கொழுந்து மடுவத்திலே முத்தல் இலையை ஏற்றுக்கொள்வார்களா? "இது கையால பறிச்சது, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னால் கங்காணி விடுவாரா?

எழுத்து சாயலாம். நிறை சாயக் கூடாது. கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கு, கூடைக்கு என்று கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்று நாம் எத்தனை தரம் மனம் நொந்திருக்கிறோம்? அதே வேலையை நம்மிடம் வாங்குகிறவருக்கு நாம் செய்யலாமா? நூறு கிராம் என்று எழுதினால் நூறு கிராம் இருக்கணும். படம் கோணலாகலாம், பையின் பிடி கழன்று விழக் கூடாது. பூ வேலைப்பாடு ஒன்றுக்கொன்று மாறலாம், சாயம் கழுவிப் போகக் கூடாது. சாப்பாட்டுச் சாமானில் சுத்தம் முதலாவது. முத்திரை மை உணவில் படக் கூடாது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றுவதும் ஆகாது.

உணவுப் பொருளின் லேபலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது: பொருளின் பேர், என்ன சேர்ந்திருக்கிறது, நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் பேரும் விலாசமும். இவை கோணல் இல்லாமல், தெளிவாக, எல்லோரும் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இதை அச்சிலேயே போடுங்கள். அச்சடிப்பதற்கு முன்னர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதுதான் நம்ம பி.எச்.ஐ. ஐயாவிடம், ஒரு தரம் காட்டிக் கேளுங்கள். தேயிலைப் பக்கெட்டில் இருக்கிற சிங்க முத்திரை இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. அழகாக இருக்கிறதே என்று அதை நாமாக வரைந்து போட்டுக்கொள்ள முடியாது.

இன்னொரு விஷயம். "ஏழைத் தோட்டப் பெண்கள் செய்தது, உதவி செய்யுங்கள்" என்று லேபலில் எழுதக் கேட்கிற ஆட்கள் வருவார்கள். வேண்டாம். பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒரு தரம்தான் வாங்குவார். ருசி பார்த்து வாங்குகிறவர் மாதா மாதம் வாங்குவார். கோணல் எழுத்து நம் கையைக் காட்டட்டும், நம் வறுமையைக் காட்ட வேண்டாம்.

செய்து பார்க்கிற முறை

இனி வேலைக்கு வருவோம். செலவு அதிகமில்லை.

முதலில் பேர். சுருக்கமாக, வாய்க்கு வருகிற மாதிரி இருக்கட்டும். உங்கள் மலையின் பேர், ஆற்றின் பேர், பாட்டி சொல்லிக் கூப்பிடுகிற ஒரு சொல், எதுவும் ஆகலாம். வேறு யாரும் ஏற்கெனவே வைத்திருக்கிற பேர் வேண்டாம். தோட்டத்தின் பேரை வைப்பதாக இருந்தால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

அடுத்து எழுத்து. வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், தூரிகையாலோ தடித்த பேனையாலோ எழுதுங்கள். லேபலில் வரப்போகிற அளவைவிட மூன்று நான்கு மடங்கு பெரிதாக எழுதுங்கள். சுருக்கும்போது கை நடுக்கம் அடங்கி, எழுத்தின் குணம் மட்டும் நிற்கும். ஒருவர் மட்டும் எழுத வேண்டாம். குழுவில் எல்லோரும் ஆளுக்குப் பத்துத் தரம் எழுதுங்கள். தரையில் பரப்பி வைத்து, தூர நின்று பாருங்கள். எது உங்களைக் கூப்பிடுகிறதோ அதை எடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படம் வரையட்டும். கோலம் போடத் தெரிந்த கைக்குக் கோடு இழுக்கத் தெரியும்.

படத்துக்கு அச்சுக்கட்டையும் செய்யலாம். பழைய ரப்பர் செருப்பின் அடியில் வெட்டி, பலகையில் ஒட்டி, துணிப்பையில் குத்தலாம். ஒவ்வொரு பையிலும் மை கொஞ்சம் கூடும், குறையும். அது இருக்கட்டும். ஆனால் இடம் வலமாகத் திரும்பும் என்பதை மறக்காமல் எழுத்தைத் திருப்பி வெட்டுங்கள். நாங்களே மறந்துபோய் ஒரு தரம் பேரைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறோம்.

தெரிவு செய்த எழுத்தைக் கொமியுனிகேசன் கடையில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுருக்கி லேபலில் போடலாம், ரப்பர் முத்திரையாகவும் செய்துகொள்ளலாம். "எழுத்தை நேராக்கித் தரவா?" என்று கடைத் தம்பி கேட்பார். வேண்டாம் தம்பி என்று சொல்லுங்கள்.

மிக முக்கியமான விஷயம் ஒன்று. கோணல் எழுத்தாக இருந்தாலும், எப்போதும் அதே கோணலாக இருக்க வேண்டும். இந்த மாதம் ஒரு எழுத்து, அடுத்த மாதம் வேறு எழுத்து, ஒரு நாள் பச்சை, ஒரு நாள் ஊதா என்று மாற்றினால் வாங்குகிறவர் குழம்பிப் போவார். கொக்கோ கோலாக்காரர் நூறு வருடத்துக்கு மேல் ஒரே எழுத்தை விடாமல் வைத்திருந்ததால்தான் அது அவர்களுடைய அடையாளம் ஆனது. எழுதினது ஒரு நாள் வேலை. மாற்றாமல் காப்பாற்றுவதுதான் வருடக் கணக்கான வேலை.

பேர் யார் கையில்?

லிப்டன் கதைக்குத் திரும்பி வருகிறோம் என்று சொன்னோமே. உங்கள் சாமான் நாலு பேருக்குப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். ஒரு நாள் டவுனிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் வருவார். "இந்த எழுத்து நல்லா இருக்கு, நாங்க பெரிசா செய்யிறோம், இந்தாங்க காசு" என்பார். நல்லவராகவும் இருக்கலாம். ஆனாலும் நாலு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, எழுதின மூலத் தாளைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். குழுவின் கணக்குப் புத்தகத்தோடு பூட்டி வையுங்கள். யார் எழுதியது, எந்தத் திகதியில் எழுதியது என்று பின்பக்கத்தில் குறித்து, எல்லோரும் ஒப்பம் வையுங்கள்.

இரண்டு, வியாபாரப் பேரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யுங்கள். குழு வளர்ந்த பிறகு, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அடையாளத்தை வர்த்தகக் குறியாகப் பதியலாம். 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஒரு தரம் பதிந்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

மூன்று, எழுத்தில் இல்லாத உடன்படிக்கை வேண்டாம். கொடுக்கிற காசு ஒரே தரமா, விற்கிற ஒவ்வொன்றுக்கும் பங்கா என்று கேளுங்கள். புரியாத மொழியில் இருந்தால் ஒப்பம் வைக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். கீஸ் பெண்ட் பெண்கள் இந்தப் பாடத்தை வழக்குப் போட்டுப் படித்தார்கள். நாம் அவர்களைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

நாலாவது, உங்களுக்குள்ளேயே ஒரு நியாயம் வேண்டும். எழுத்து ஒரு அக்காவுடையது என்றால், அந்த உழைப்புக்கு மதிப்பு என்ன என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். வெளியார் பிடுங்குவதைவிட, குழுவுக்குள் வருகிற மனக்கசப்புத்தான் அதிகம் குழுக்களை உடைத்திருக்கிறது.

தாய்மார்களே, கறித்தூள் பக்கெட்டுக்குப் பேர் எழுதின அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். மலையில் எத்தனையோ வருடம் அவருடைய பேரைச் செக்ரோலில் வேறொருவர்தான் எழுதினார். முழுப்பேரா அரைப்பேரா என்று முடிவு செய்ததும் வேறொருவர்தான். இன்றைக்குத் தான் எழுதின பேர் கடைத் தட்டில் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் இன்னமும் வெட்கப்பட்டு, "அந்த 'றி'யைக் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம் மிஸ்" என்றுதான் சொல்கிறார். நாங்கள் மாற்ற விடவில்லை.

முன்னால் தாளும் மையும் தூரிகையும் வைத்திருக்கிறோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். முதல் பத்துத் தரம் எழுதிப் பார்ப்போம். யாரும் அளவுகோல் எடுக்க வேண்டாம்.